ஆறு பேர் திருத்திய கல்யாணப் படம்

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்து விழும். அடுத்த வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குள் அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். பகலை இரவாக்கலாம். நிற்கிற ஆளை வெட்டி எடுத்து நிலாவில் நிறுத்தலாம். சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைச் சுத்தமாகத் துடைத்துவிடலாம். பரிசு என்று எதுவும் கிடையாது. ஜெயித்தவருக்கு ஒரே ஓர் உரிமைதான் கிடைக்கும்: அடுத்த வாரத்துக்கான படத்தை அவர் கொடுக்கலாம்.

2020 ஊரடங்கு நாட்களில், பொழுது போகாமல் தொடங்கிய குழு அது. அப்போது முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அலுவலகங்கள் திறந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியவர்கள் ஏழு பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இல்லை. ஊரும் உறவுமாகச் சேர்ந்துதான் அங்கே பெயர்.

ஈரோடு அக்கா இல்லத்தரசி. மகன் படித்து முடித்துவிட்டுப் போட்ட பழைய லேப்டாப்பில் கிம்ப் என்ற இலவச மென்பொருளைத் தானாகவே கற்றுக்கொண்டவர். காரைக்குடி தம்பிக்குக் கம்ப்யூட்டரே கிடையாது; எல்லாம் கைப்பேசியில்தான். சிங்கப்பூர் அண்ணன் கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் மேற்பார்வையாளர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு நேரம். மதுரைக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார். நாகர்கோவில் டீச்சர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி ஐயா மட்டும் தொழில்முறை ஆள். ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர். பேரன் டேப்லெட் வாங்கிக் கொடுத்த பிறகு இந்தப் பக்கம் வந்தார். ஏழாவது ஆள், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் முடிச்சூர் சார்.

சட்டதிட்டங்களைப் பார்த்துக்கொள்வது டீச்சர். எல்லோரும் அவருக்குத் தனியாகப் படத்தை அனுப்பவேண்டும். அவர் பெயரை எடுத்துவிட்டு, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் குழுவில் போடுவார். அவரும் கலந்துகொள்வார், ஆனால் ஓட்டுப் போடமாட்டார். கொடுக்கிற படம் சொந்தமாக எடுத்ததாகவோ சொந்த வீட்டுப் படமாகவோ இருக்கவேண்டும். இணையத்தில் சுட்டது கூடாது. செயற்கை நுண்ணறிவு செயலியைப் பயன்படுத்தினால் தடை இல்லை, ஆனால் சொல்லிவிட வேண்டும். யாருடைய படத்தையும் கேலி செய்யக்கூடாது. "ரெட் இங்க் நான் முப்பத்தஞ்சு வருஷம் பிடிச்சாச்சு. இங்க வேண்டாம்" என்பது டீச்சரின் கட்டளை.

ஒரு வாரம் மதுரைக்காரர் ஒரு படம் கொடுத்தார். மழைக்குப் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நிற்கும் ஒரு பசுமாடு. தம்பி அந்த மாட்டின் வாயில் ஒரு பஸ் டிக்கெட்டைச் சொருகினார். சிங்கப்பூர் அண்ணன் அதை விமான நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஐயா மழையைக் கூட்டி, படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கினார். ஈரோடு அக்கா செய்தது ஒன்றே ஒன்று. மாட்டின் வாயில் தொங்கிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொஞ்சம் புல் வைத்தார். அந்த வாரம் ஜெயித்தது அதுதான். அந்தப் பையை அதுவரை வேறு யாருமே கவனித்திருக்கவில்லை.

இந்த விளையாட்டின் ருசியே இதுதான். ஒரே படத்தை ஏழு பேர் பார்க்கிறார்கள். ஏழு பேர் கண்ணிலும் ஏழு விஷயம் படுகிறது.

கூடவே தொழிலும் கைக்கு வந்துவிடுகிறது. ஆளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டுவது சுலபம். நிழலை ஒட்டுவதுதான் கஷ்டம் என்பது மூன்றாவது வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஆளின் மேல் வெயில் இடப்பக்கமிருந்து விழுந்து, பின்னால் இருக்கும் மரத்தின் நிழலும் இடப்பக்கமே விழுந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஆனால் "ஏதோ இடிக்குதே" என்று தோன்றிவிடும். முடியின் ஓரங்களை வெட்டுவதற்குள் பொறுமை போய்விடும். லேயர் என்கிற அடுக்கு முறை புரிந்தபோதுதான் பலருக்கும் பயம் விட்டது. படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் வரைவதைப் போன்ற விஷயம் அது. தப்பு நேர்ந்தால் தாளை எடுத்துவிடலாம்; அடியில் இருக்கும் அசல் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

படத்தை மாற்றுகிற ஆசை கம்ப்யூட்டரோடு வந்தது இல்லை. 1857-லேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைத் தனித்தனியாக எடுத்து, அவற்றை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் இது அன்றாட வேலைதான். கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின்மேல் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை மறைப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். கோட்டும் டையும் ஸ்டூடியோவிலேயே தொங்கும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கலாம்.

போட்டோஷாப்பின் தொடக்கமும் ஒரு வீட்டுப் படத்தோடுதான். அதை உருவாக்கிய நோல் சகோதரர்களில் ஒருவரான ஜான், போரா போரா தீவின் கடற்கரையில் தன் காதலி உட்கார்ந்திருப்பதைப் படம் எடுத்திருந்தார். பின்னால் அவரையே மணந்துகொண்டார். அந்தப் படத்தை வைத்துத்தான், புதிய மென்பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று நிறுவனங்களுக்குச் செய்து காட்டினார். 1990-ல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. ஈரோடு அக்கா பயன்படுத்தும் கிம்ப், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. 1996-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அன்றும் இலவசம், இன்றும் இலவசம்.

முடிச்சூர் சார் அந்தக் குழுவில் அதிகம் ஜெயித்ததில்லை. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு ஓட்டமாக ஓடிவந்து, ஏதோ ஒன்றை அனுப்பிவிட்டுப் போவார். ஒரு வாரம் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. நான்கு ஓட்டில் ஜெயித்தார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எல்லோரும் படத்துக்குக் காத்திருந்தார்கள். ஒன்பதே கால் ஆனது, வரவில்லை. ஒன்பதரைக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது.

"ஒரு படம் இருக்கு. போட்டிக்குப் போடலாமான்னு தெரியல. விளையாட்டுக்கான படம் இல்ல. டீச்சர் சொன்னா போடறேன்."

"போடுங்க சார்" என்றார் டீச்சர்.

1961-ல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம். மாடிப்படியும் தூண்களும் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு முக்காலியில் பூ ஜாடி. பெண்ணின் முகம் தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளையின் முகத்தில் பாதிதான் இருக்கிறது. நெற்றியிலிருந்து தாடை வரை வலது பாதி இல்லை. அந்த இடத்தில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது போல ஒரு வெள்ளைத் திட்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. சார் வீட்டின் தரைத்தளத்தில் இருந்ததெல்லாம் தண்ணீருக்குள் போனது. ஃபிரிட்ஜும் மெத்தையும் போனதற்கு அவர் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டதைப் பார்த்துத்தான் உட்கார்ந்துவிட்டார். சட்டம் போட்டு வைத்திருந்த கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அது காய்ந்ததும், நல்ல எண்ணத்தில் யாரோ பிரித்து எடுத்தார்கள். மாப்பிள்ளை முகத்தின் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. பழைய அச்சுப் படங்களில் உருவம் இருப்பது காகிதத்தின் மேல் பூசிய ஜெலட்டின் படலத்தில். ஈரம் பட்டால் அது உப்பிப் பசைபோல ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் இழுத்தால் படத்தோடு உரிந்து வரும்.

அப்பா 1998-லேயே இறந்துவிட்டார். இருவரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். ஒன்பது வருடங்களாக ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்ததைத்தான் சார் எடுத்து ஸ்கேன் செய்து போட்டிருந்தார். கீழே ஒரே ஒரு வரி: "அம்மாவுக்கு 84 ஆகுது. முடிஞ்சா பாருங்க."

அந்த வாரம் குழுவில் வழக்கமான அரட்டை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஆறு படங்கள் வந்து சேர்ந்தன. சார் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. அப்பாவின் முகத்தில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

டீச்சர் எண் போட்டுப் படங்களைக் குழுவில் போட்டதும், சார் ஒரு காரியம் செய்தார். ஓட்டுப் போடுவதற்கு முன்னால், ஆறு படங்களையும் டிவியில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினார். அவர் சொன்னதை அப்படியே குழுவில் எழுதினார்.

முதல் படம் வண்ணத்தில் இருந்தது. புடவை நல்ல அரக்குச் சிவப்பு.

"என் கூறைப்புடவை அரக்கு இல்லடா. மாம்பழக் கலர். கரைதான் அரக்கு."

இரண்டாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இருக்கிற இடது பாதியை நகலெடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, இல்லாத பாதியில் ஒட்டியிருந்தார்கள். இந்த மாதிரி வேலைகளில் எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் வித்தை அதுதான்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கே. உங்கப்பா இப்படி இருக்கமாட்டாரே."

ஐந்தாவது படம் பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. கீறல் இல்லை, புள்ளி இல்லை. மாப்பிள்ளையின் கண்கள் பளிச்சென்று இருந்தன. செயற்கை நுண்ணறிவு செயலியில் கொடுத்து எடுத்தது என்று அடியில் நேர்மையாக எழுதியிருந்தது. பாட்டி அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"லட்சணமா இருக்கார். யாருடா இவர்?"

அந்த ஒரு கேள்வியில் குழு அடங்கிப்போனது. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு காரைக்குடி தம்பிதான் எழுதினார்: "அது நான் போட்டது சார். ஒரு நிமிஷத்துல வந்துச்சு. நல்லா இருக்குன்னு நினைச்சுட்டேன். பாட்டிகிட்ட சாரி சொல்லுங்க."

"சாரி எல்லாம் வேண்டாம் தம்பி. அம்மா சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க" என்று சார் பதில் போட்டார்.

செயலியின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது பார்த்திருப்பது லட்சக்கணக்கான முகங்களை. இந்தப் பாதிக்கு எந்தப் பாதி பொருந்தும் என்று கணக்குப் போட்டு, பொருத்தமான ஒரு முகத்தைக் கொடுக்கிறது. பொருத்தமான முகம் வேறு, அந்த மனிதரின் முகம் வேறு. ஏற்கெனவே இருந்த பாதியைக்கூடக் கொஞ்சம் மெருகேற்றி மாற்றிவிடுகிறது. தெரியாதவருக்கு அது தெரியாது. முப்பத்தேழு வருடம் கூட வாழ்ந்தவருக்குத் தெரியும்.

அப்போதுதான் திருச்சி ஐயா குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். அவர் எப்போதும் தட்டச்சு செய்யமாட்டார், பேசித்தான் அனுப்புவார். "எங்க காலத்துல இந்த மாதிரி படம் வந்தா, முதல்ல வீட்டு ஆளுங்களை உட்கார வெச்சுப் பேசுவோம். என்ன நிறம், மூக்கு எப்படி, தழும்பு இருக்கா, மூக்குக்கண்ணாடி போடுவாரா... எல்லாம் கேட்டு எழுதி வெச்சுக்கிட்டுத்தான் பென்சிலை எடுப்போம். நாம யாரும் கேட்கல. நானும் கேட்கல. அம்மாவைக் கேளுங்க சார்."

சார் கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். அன்று இரவு பதினொன்றரை வரை அது போனது.

வலது புருவத்தில் ஒரு வெட்டு. சின்ன வயதில் பம்பரம் விளையாடும்போது ஆணி பட்டது. அந்த இடத்தில் முடி முளைக்கவே இல்லை. வலது கண் இடது கண்ணைவிடச் சற்றுச் சிறியது. சிரித்தால் முதலில் அதுதான் மூடும். கல்யாணத்தன்று அவருக்கு ஜுரம். அதனால் உதடு காய்ந்திருந்தது. ஸ்டூடியோக்காரர் முகத்தில் பவுடர் அதிகமாகப் போட்டுவிட்டார் என்று அவருக்குக் கோபம். படம் வந்தபிறகும் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் பாதி விஷயங்கள் சாருக்கே தெரியாது. புருவத்து வெட்டு தெரியும், பம்பரம் தெரியாது. ஜுரம் தெரியாது. அறுபது வயதைத் தாண்டிய மகன், அப்பாவின் கல்யாணத்தன்று நடந்ததை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் ஓட்டு வேண்டாம்" என்று டீச்சர் அறிவித்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் போட்டி என்று சொல்ல முடியாது. வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். திரைச்சீலையும் பெண்ணின் புடவையும் ஈரோடு அக்காவுக்கு. ஜரிகைக் கரையின் ஒரு துண்டு பக்கத்தில் நன்றாக இருந்ததால், அதைப் பார்த்துப் பார்த்து அழிந்த இடத்தை நெய்வதுபோலச் சேர்த்தார். "புடவையை நூல் நூலா கோக்கற மாதிரி இருக்குதுங்க டீச்சர்" என்று அலுத்துக்கொண்டே செய்தார். மாலையும் சட்டையும் சிங்கப்பூர் அண்ணனுக்கு. தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளிகள் எல்லாம் காரைக்குடி தம்பிக்கும் மதுரைக்காரருக்கும். முகம் ஐயாவுக்கு.

ஆனால் ஐயாவுக்கு ஆதாரம் வேண்டும். பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு புருவம் வரைய அவர் தயாராக இல்லை. அம்மா யோசித்து, கூட்டுறவுச் சங்கத்தில் வருடா வருடம் எடுக்கும் குரூப் போட்டோவைப் பற்றிச் சொன்னார். அப்பா அங்கேதான் எழுத்தராக இருந்தார். 1974-ல் எடுத்த ஒரு படம் மன்னார்குடியில் அத்தை மகள் வீட்டில் தொங்குவது நினைவுக்கு வந்தது. போன் செய்ததும் அந்த அம்மாள் உடனே கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, சரியாக அப்பா நின்ற இடத்திலேயே ஒரு சூரியன்.

காரைக்குடி தம்பி வீடியோ காலில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். "ஃப்ளாஷை ஆஃப் பண்ணிடுங்க பெரியம்மா. படத்தைக் கழட்டி ஜன்னல் பக்கத்துல சாய்ச்சு வைங்க. நேர் வெயில் வேண்டாம். கறுப்புப் புடவை ஏதாவது இருந்தா உங்க பின்னாடி யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க, கண்ணாடியில எதுவும் தெரியாது." நான்காவது தடவை படம் சரியாக வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், டாக்குமெண்ட்டாக அனுப்பும் வழியையும் தம்பியே சொன்னார். இரண்டாம் வரிசையில் மூன்றாவது ஆள். மிளகு அளவு முகம். ஆனால் வலது புருவத்தில் வெட்டு தெரிந்தது.

அதை அப்படியே வெட்டி ஒட்ட முடியாது. அது பதின்மூன்று வருடம் கழித்து எடுத்தது, கன்னம் உப்பியிருந்தது. வெயிலில் எடுத்தது, நிழல் மேலிருந்து விழுந்தது. ஸ்டூடியோ படத்தில் வெளிச்சம் பெண் நின்ற பக்கமிருந்து வந்திருந்தது. அப்படியானால் மாப்பிள்ளையின் வலது பாதி நிழலில்தான் இருந்திருக்கவேண்டும். போன வாரம் ஆறு பேரும் அந்தப் பாதியைப் பளிச்சென்று வெளிச்சமாக்கி வைத்திருந்தார்கள். மாட்டுக்கும் மரத்துக்கும் நிழல் பார்த்தவர்கள், முகத்துக்கு நிழல் பார்க்க மறந்திருந்தார்கள்.

ஐயா மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். இருந்த பாதியிலிருந்து ஓரங்களை மட்டும் வளர்த்தார். 1974 படத்திலிருந்து புருவத்தின் வடிவத்தையும் வெட்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டார். நிழலைச் சேர்த்தார். பழைய படத்தில் இருக்கும் மணல் மாதிரிப் புள்ளிகளைப் புதிதாக வரைந்த பகுதியிலும் தூவினார். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வழுவழுவென்று பிளாஸ்டிக் போலத் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் படம் முடிச்சூருக்குப் போனது; அம்மாவின் பதில் வந்தது. "மூக்கு இவ்வளவு கூர் இல்ல." "கண்ணு சரியா வந்திருக்கு." "புருவம் சரி. அதேதான்."

வலது காது மட்டும் கடைசி வரை பிடிபடவில்லை. குரூப் போட்டோவில் முன்வரிசைக்காரரின் தலைப்பாகை அதை மறைத்திருந்தது. அம்மாவுக்கும் காதைப் பற்றி எதுவும் நினைவில்லை. "காதை யாரு பார்த்தா" என்றார். தெரியாததை ஐயா வரையவில்லை. காதை நிழலுக்குள் அமிழ்த்தி, இருக்கிறது என்று தெரிகிற அளவோடு விட்டுவிட்டார்.

வண்ணம் வேண்டுமா என்று ஈரோடு அக்கா கேட்டார். மாம்பழ நிறப் புடவையும் அரக்குக் கரையும் இப்போது அவருக்கு மனப்பாடம். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். "அப்ப இருந்த மாதிரியே இருக்கட்டும்."

அறிமுகமில்லாதவர்கள் ஒன்றுகூடி அறிமுகமில்லாத குடும்பங்களின் படங்களைத் திருத்துவது இது முதல் முறை அல்ல. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்த பிறகு, வெள்ளத்தில் கெட்டுப்போன வீட்டுப் படங்களைச் சம்பளம் வாங்காமல் சரிசெய்து கொடுக்க 'ஆபரேஷன் போட்டோ ரெஸ்க்யூ' என்ற அமைப்பு தொடங்கியது. 2011-ல் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, இடிபாடுகளில் கிடைத்த படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி, காயவைத்து, உரியவர்கள் தேடிவந்து எடுத்துக்கொள்ளும்படி அடுக்கி வைத்தார்கள். பெக்கி மேன்சன் என்ற டச்சிங் கலைஞர் அங்கே போய், ஸ்கேன் செய்த படங்களை உலகம் முழுவதும் இருந்த தன் துறைக்காரர்களுக்கு அனுப்பிச் சரிசெய்ய வைத்தார். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை அழிவிலிருந்து காக்க, புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தேடி எடுத்து டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறது. பெரிய வேலைகள் இவை. முடிச்சூர் படம் அதே வேலையின் ஒரு சின்னத் துணுக்கு.

படம் முடிந்ததும் சார் இரண்டு பிரதிகள் எடுத்தார். ஒன்று, பாதி முகம் போன அசல், இருக்கிறபடியே. இன்னொன்று, திருத்தியது. திருத்திய படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதி வைக்கச் சொன்னது டீச்சர்: இருவரின் பெயர், வருடம், ஊர், முகத்தின் வலது பாதி பிற்காலத்தில் வரைந்தது என்ற குறிப்பு. ஐம்பது வருடம் கழித்துக் கொள்ளுப்பேரன் யாராவது எடுத்துப் பார்த்தால், எது கேமரா பார்த்தது, எது மனிதர்கள் நினைவிலிருந்து சேர்த்தது என்று அவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா?

புதுச் சட்டம் போட்டுப் படத்தைக் கொண்டுவந்து சார் அம்மாவிடம் கொடுத்தார். கூடத்தில், அப்பாவின் தனிப்படம் மாலையோடு தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனார். அம்மா தடுத்தார்.

"அங்க மாட்டாதே. பழக்கதோஷத்துல யாராவது இதுக்கும் மாலை போட்டுடப் போறா. இதுல நானும் இருக்கேன்."

படம் இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில், மாத்திரை டப்பாவுக்கு அருகில் இருக்கிறது.

இந்த ஒரு படத்துக்குப் பிறகு குழுவில் மற்றவர்களும் அவரவர் வீட்டுப் பரணைத் திறந்தார்கள். டீச்சர் ஒரு குறிப்பு எழுதிக் குழுவின் தலைப்பில் நிரந்தரமாக வைத்திருக்கிறார். யாருக்கும் பயன்படக்கூடிய குறிப்பு. கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்கக்கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யவேண்டும். ஈரமான படங்களைக் கட்டாகக் காயவிடக்கூடாது; சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, ஒவ்வொன்றாக, உருவம் மேலே பார்க்கும்படி பரப்பி நிழலில் உலர்த்தவேண்டும். ஸ்கேன் செய்யும்போது குறைந்தது 600 டிபிஐ; ஆறுக்கு நாலு அங்குலப் படம் அப்போது 3600-க்கு 2400 புள்ளிகளாகக் கிடைக்கும், திருத்தவும் பெரிதாக அச்சிடவும் அது போதும். அசல் ஸ்கேனில் கை வைக்கக்கூடாது, நகலில்தான் வேலை. படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று, சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடவேண்டும்.

கடைசி வரியை எழுதிவிட்டு டீச்சர் அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

சனிக்கிழமைப் போட்டி மறுபடி தொடங்கிவிட்டது. ஓட்டே நடக்காத வாரம் என்பதால் அடுத்த படத்தை யார் கொடுப்பது என்று ஒரு சட்டச் சிக்கல் வந்தது. டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் காரைக்குடி தம்பியின் பெயர் வந்தது. அவர் கொடுத்தது ஒரு செட்டிநாட்டு வீட்டுத் திண்ணை. தூணில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர்.

படம் விழுந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஈரோட்டிலிருந்து கேள்வி வந்தது: "தம்பி, இந்தத் தாத்தா யாருங்க? மாத்தினா அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாருங்களா?"

"என் தாத்தாதான் அக்கா. கேட்டுட்டேன். மீசையை மட்டும் தொடக்கூடாதாம்."